கணவாய் வரைக்கும் பவளத்தின் கதை

"இதுக்கு உடம்புதான் இருக்கு ராவுத்தரே. ஓட்டம் இல்லை."

வெயிலுமுத்து ஜமீன் தபாலைக் கணவாய் தாண்டிக் கொண்டுபோகிறவர். மீரான் ராவுத்தர் மலையடிவாரத்தில் குதிரை பழக்குகிறவர், அவரைவிடப் பத்து வயது இளையவர். குதிரை விஷயத்தில் வெயிலுமுத்து இன்னொருவரிடம் யோசனை கேட்டு வந்தது அதுவே முதல் தடவை.

பின்னால் புதுக் குதிரை மல்லன் நின்றது. அகன்ற மார்பு, தடித்த கால், சரிந்த வயிறு. எங்கேயும் போகிற உத்தேசம் அதற்கு இருந்த மாதிரித் தெரியவில்லை.

"தை பிறக்கிறதுக்குள்ள இது மலை ஏறலைன்னா ஜட்காக்காரனுக்கு வித்துருவாங்க. என்னையும் வீட்டுல உட்காரச் சொல்லிருவாங்க."

"இதுக்கு முன்னால எதுல போனீங்க?"

"பவளம்."

பெயரைச் சொன்னதுமே அவர் குரல் இளகிவிட்டது.

"குதிகால் படவே வேண்டாம். நான் மூச்சை இழுத்தாலே கிளம்பிரும்."

ராவுத்தர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு விரலால் அவர் தோளைத் தட்ட ஆரம்பித்தார். வெயிலுமுத்து திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க," என்றார் ராவுத்தர், தட்டிக்கொண்டே.

ஐப்பசி வெள்ளத்தில் பவளம் ஆற்றை நீந்திக் கடந்ததை வெயிலுமுத்து சொன்னார். தபால் பை நனையாமல் இருக்கத் தலையில் கட்டிக்கொண்டதைச் சொன்னார். கரையேறியதும் அது உடம்பைச் சிலிர்த்து, தம்மைக் கீழே தள்ளிவிட்டதைச் சொல்லிச் சிரித்தார்.

"தட்டுறதை நான் எப்ப நிறுத்தினேன்?"

வெயிலுமுத்து தோளைத் தொட்டுப் பார்த்தார். தெரியவில்லை.

ராவுத்தர் மல்லனின் விலாவைக் காட்டினார். குதிகால் பட்டுப் பட்டு அங்கே மயிர் தேய்ந்து கிடந்தது.

"இப்போதைக்கு ஏறாதீங்க. கயித்தைப் பிடிச்சு மலைப்பாதையில நடத்திக் கூட்டிட்டுப் போங்க. களைக்கிறதுக்கு முந்தித் திரும்பிருங்க."

"களைப்பு எப்படித் தெரியும்?"

"பவளத்தோட கதையை அதுக்குச் சொல்லிக்கிட்டே போங்க. பேச்சு நின்னா திரும்பிருங்க."

"என் பேச்சு நின்னா குதிரை களைச்சிருச்சுன்னு அர்த்தமா?"

ராவுத்தர் மல்லனுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

முதல் நாள், பவளத்தைச் சந்தையில் பார்த்த கதை முடிவதற்குள் ஓடைப் பாலத்திலேயே வெயிலுமுத்துவுக்கு மூச்சு முட்டியது. மல்லனின் கழுத்தில் வியர்வை நுரையாய் நின்றது. இரண்டு பேரும் திரும்பினார்கள்.

ஒவ்வொரு காலையும் அவர் முதலிலிருந்தே தொடங்கினார். பவளத்தின் கதையை நடுவிலிருந்து சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

சந்தை கழிந்தது. வெள்ளம் கழிந்தது. பின்பு ஒருநாள் பாலத்துக்கு வெகு மேலே, அவர் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தார். புது மனைவி குதிரைக்குப் பயந்து வாசலிலேயே நின்றதும், பிறகு அவருக்குத் தெரியாமல் அதற்கு வெல்லம் கொடுத்துப் பழகியதும். அவளும் இப்போது இல்லை. அதைச் சொல்லும்போது மல்லனின் ஒரு காது அவர் பக்கம் திரும்பியிருந்தது.

மழைக்காலம் போனபோது மல்லனின் வயிறு இறுகியிருந்தது.

"இனி சமதரையில ஏறலாம். ஒருதரம் தொடுங்க. கிளம்பிட்டா காலைச் சும்மா வச்சிருங்க."

வெயிலுமுத்து ஒருதரம் தொட்டார். மல்லன் யோசித்தது. பிறகு கிளம்பியது. நடை ஓட்டமானது.

"போதும், நிறுத்துங்க."

"இன்னும் ஓடும்போல இருக்கே ராவுத்தரே."

"அதான் நிறுத்தச் சொன்னேன்."

மலையில் மட்டும் கயிற்றைப் பிடித்து நடப்பது மாறவில்லை.

மார்கழிக் கடைசியில் தபால் பையை மல்லன் முதுகில் கட்டினார்கள். ராவுத்தரும் கூட நடந்தார். பனி விலகாத பாதையில் வெயிலுமுத்து சந்தையிலிருந்து தொடங்கினார். பாலம் கடந்தது தெரியவில்லை. வெள்ளம், கல்யாணம், வெல்லம் எல்லாம் வந்துபோயின. கடைசி வளைவில், அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"இந்த இடத்துலதான் படுத்துச்சு. தலையை மடியில வச்சுக்கிட்டேன். குளிர்ல நடுங்குச்சு, என் போர்வையைப் போத்திவிட்டேன். விடியுறப்ப கண்ணைத் திறந்து பார்த்துச்சு. எந்திரிக்கத்தான் பார்த்துச்சு, ராவுத்தரே. தபால் போகணும்னு அதுக்குத் தெரியும்."

கணவாயின் உச்சியில் நின்றார்கள். மல்லனின் விலா நிதானமாக ஏறி இறங்கியது. வெயிலுமுத்துவின் கண் நனைந்திருந்தது. ஆனால் மூச்சு வாங்கவில்லை.

அந்தப் பக்கம் பாதை இறங்கிப் போயிற்று. மல்லன் அதைப் பார்த்துக்கொண்டு கயிற்றை ஒருமுறை இழுத்தது.

"அவ்வளவுதான் ராவுத்தரே. கதை முடிஞ்சுபோச்சு."

ராவுத்தர் குனிந்து, சேணத்தில் கால் வைத்து ஏறும் அங்கவடியைத் திருப்பிப் பிடித்தார்.

"அப்ப ஏறுங்க, அண்ணாச்சி."