சில்லறைக்கு மிட்டாய்

"அம்மா, இந்தத் தீவுக்காரங்களுக்கு எதிர்காலமே புரியலை," என்றார் ஏகாம்பரம்.

குருவம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நிகழ்காலம்?"

"அதுவும் சந்தேகம்தான்."

குருவம்மா பாதி வெங்காயத்தை அவர் பக்கம் தள்ளினார்.

ஏகாம்பரம் சங்குத் தீவுக்கு வந்தது வெங்காயம் உரிக்க அல்ல. கைக்கு அகப்படாமல் போனிலிருந்து போனுக்குப் போகும் காசு ஒன்று உண்டு. அலைக்காசு என்று பெயர். அதை நாடு நாடாகக் கொண்டுபோகும் கம்பெனி, இந்தத் தீவை அவர் தலையில் கட்டியிருந்தது. மழைக்காலத்துக்குள் இங்கே அது புழங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆபீசைப் பூட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ஊர் திரும்புவதில்தான் சிக்கல். வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவர் மச்சினன் வைத்த பேனர் இன்னும் நிற்கிறது. கோட்டுப் போட்ட ஏகாம்பரம், பின்னால் பூமி உருண்டை, கீழே 'கடல் தாண்டிக் காசு பரப்பும் எங்கள் கண்மணியே'. "எழுத்தெல்லாம் வெளுத்துப்போச்சு மாமா, ஆனா மூஞ்சி மட்டும் பளிச்சுன்னு தெரியுது," என்று மச்சினன் போன வாரம்கூடச் சொன்னான்.

தீவில் நாலு தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். கடற்கரை மடத்துக் குருவம்மாவிடம் வந்து போகிறவர்கள். ஏகாம்பரத்தைவிட அவர் பத்து வயது இளையவர். பேசிப் பேசித் தொண்டை கட்டி, சும்மா உட்கார இடம் தேடி வந்த ஏகாம்பரம், அப்படியே சீடராகிவிட்டார்.

"கூட்டம் போட்டீங்களே?" என்றார் குருவம்மா.

"போட்டேன். கடைக்காரங்க போன்ல கொஞ்சம் அலைக்காசு சும்மாவே ஏத்திவிட்டேன். மத்தவங்க செயலியை ஏத்திக்கிட்டா சமோசான்னு சொன்னேன். ஹால் நிறைஞ்சுது."

"அப்புறம்?"

"ரெண்டு மணி நேரம் பேசினேன். கேள்வி இருக்கான்னு கேட்டேன். ஒருத்தர் எழுந்தார்."

"என்ன கேட்டார்?"

"இன்னொரு சமோசா."

குருவம்மா சிரிக்கவில்லை. "அந்தக் காசு செல்லுமா?" என்று கேட்டார்.

ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்கு ஒரே இடத்தில் அடைபடாமல் ஊர்ப்பட்ட கணினிகளில் இருப்பதைச் சொன்னார். அதன் பூட்டைச் சொன்னார். சாவியைச் சொன்னார். எல்லைகள் இல்லாத உலகத்துக்கு வந்தபோது, குருவம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

விழித்ததும் உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்தார். டப்பா நிறைய மிட்டாய்.

"அம்மாவுக்கு மிட்டாய் பிடிக்குமா?"

"பிடிக்காது."

"பின்னே?"

"மீதிச் சில்லறை."

தீவில் சில்லறைக்குப் பஞ்சம். நாணயம் வெளிநாட்டில் அடித்துக் கப்பலில் வர வேண்டும். கப்பல் நினைத்தபோது வரும். அதனால் மீதி தர வேண்டிய இடத்தில் கடைக்காரர்கள் மிட்டாய் தருவார்கள். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு டப்பா உண்டு. தின்பார் இல்லை.

"இதைக் கொடுத்து மரைக்காயர் கடையில் ஒரு தேங்காய் வாங்கி வாங்க," என்றார் குருவம்மா.

ஏகாம்பரம் போனார்.

செய்யது மரைக்காயர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"மிட்டாய். உங்க கடையோடதுதான். ஒரு தேங்காய் குடுங்க."

"மிட்டாய்க்குத் தேங்காய் கிடையாது."

"காசுன்னு சொல்லி நீங்க குடுத்ததுதானே பாய்?"

"குடுக்கும்போது காசு. வாங்கும்போது மிட்டாய்."

ஏகாம்பரம் திரும்பி வந்து சொன்னார்.

"நாளைக்கும் போங்க," என்றார் குருவம்மா.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். கடையில் நின்றவர்கள் அவரைக் கண்டதும் வழிவிட ஆரம்பித்தார்கள். சமோசாக்காரர் என்ற பெயர் போய் மிட்டாய்க்காரர் என்றாகிவிட்டது. பேனரில் இதைச் சேர்க்க இடம் இருக்கிறதா என்று அவருக்கே ஒரு யோசனை வந்தது.

அந்த வாரக் கடைசியில் மீன்காரி பிலோமினாவும் ஒரு டப்பாவோடு வந்து பின்னால் நின்றாள்.

"நீ எதுக்கு?" என்றார் மரைக்காயர்.

"அவர் டப்பாவைப் பார்த்ததும் என் டப்பா ஞாபகம் வந்திச்சு பாய். எனக்கும் ஒரு தேங்காய்."

அடுத்த நாள் கடைக்கு முன்னால் டப்பாக்களின் வரிசை. யாரோ அண்டாவே கொண்டுவந்திருந்தார்கள். எறும்பும் கூடவே வந்திருந்தது.

மரைக்காயர் தொப்பியைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தார்.

"ஏகாம்பரம் ஐயா, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்? சில்லறை இல்லாம நான் என்னதான் குடுக்குறது?"

பேச இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் வாரம் முழுக்க டப்பா தூக்கிய அலுப்பில் ஏகாம்பரத்துக்குப் பேச்சு வரவில்லை.

"மீதியை அவங்க போன்ல போட்டுவிடுங்க பாய்," என்றார்.

"அந்த அலைக்காசா?"

"ம்."

"கூடப் பேச்சு ஏதும் உண்டா?"

"இல்லை."

மரைக்காயர் யோசித்தார். பிலோமினா வாங்கிய உப்புக்கு மீதியைப் போனில் தட்டினார். அவள் இடுப்பிலிருந்த போன் டிங் என்றது.

"சமோசாவுக்கு ஏத்தினது இன்னும் உயிரோடதான் இருக்கு," என்றாள் அவள். "பாய், இது குடுக்கும்போது காசு. வாங்கும்போது?"

மரைக்காயர் எறும்புகளைப் பார்த்தார்.

"வாங்கும்போதும் காசுதான். டப்பாவை மட்டும் வீட்டுல வச்சிட்டு வா."

மழை இறங்குவதற்குள் அலைக்காசு மீன் சந்தைக்குப் போயிற்று. அங்கிருந்து படகுத்துறைக்கு. ஆபீசைப் பூட்ட வேண்டாம் என்று கம்பெனி எழுதியது. ஏகாம்பரம் மடத்துக்கு ஓடினார்.

"அம்மா, புழங்குது."

"தேங்காய் எங்கே?"

ஏகாம்பரம் மறந்தே போயிருந்தார்.

கடைக்குத் திரும்ப ஓடி, ஒரு நோட்டை நீட்டித் தேங்காய் வாங்கினார். மீதி அவர் போனில் டிங் என்று வந்து விழுந்தது. ஊருக்கெல்லாம் அலைக்காசு கொடுத்தவருக்கு யாராவது அதைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவர் நகராமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஐயா, மிட்டாய் வேணுமா?" என்றார் மரைக்காயர்.

"இல்லை பாய். இது... நாளைக்கு யாராவது வாங்கிக்குவாங்களா?"

வரிசையில் பின்னால் நின்ற பிலோமினா கூடையை இறக்கினாள்.

"எங்கிட்ட கொண்டு வாங்க ஐயா. நெத்திலி தர்றேன்."

ஏகாம்பரம் தேங்காயோடு மடத்துக்கு வந்தார்.

"மீதி?" என்றார் குருவம்மா.

"போன்ல இருக்கு."

"செல்லுமா?"

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"பிலோமினா வாங்கிக்குறேன்னு சொன்னா அம்மா."

குருவம்மா தேங்காயை உடைத்தார்.