சைக்கிளுக்கு ஜாமீன் நின்ற சேனாதிபதி

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை மகிபாலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். அந்த நாட்டில் தேர் உண்டு, யானை உண்டு, சைக்கிளும் உண்டு. ராஜா காலத்தில் சைக்கிள் ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்குக் கோபம் வராது.

மகிபாலன் நல்லவன்தான். ஆனால் காலையில் யார் முதலில் வந்து காதில் ஓதுகிறார்களோ, அவர் சொன்னதுதான் அன்றைய சட்டம். அன்று முதலில் வந்தவர் சேனாதிபதி உக்கிரசேனர். நாட்டிலுள்ள தேர்களில் பாதி அவருடையவை. மந்திரி பதவியின் மீதும் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அப்பேர்ப்பட்டவரின் தலைப்பாகையிலிருந்து மோர் சொட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். கடைத்தெரு முக்கில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தவரை, மருத்துவச்சி செங்கமலம் மணியடிக்காமல் சைக்கிளைத் திருப்பி இடித்துவிட்டாள். சேனாதிபதி மோர்ப்பானைக்குள் தலைகுப்புற விழுந்தார். அடியைவிட, கூட்டம் சிரித்ததுதான் அவருக்கு வலித்தது.

“மன்னா! தேருக்கு நான் வரி கட்டுகிறேன். யானைக்காரனும் கட்டுகிறான். இந்தச் சைக்கிள்காரர்கள் மட்டும் ராஜபாட்டையில் ஓசியில் உருட்டுகிறார்கள். இடித்தால் கேட்க நாதியில்லை. வரி போடுங்கள்! ஒவ்வொரு சைக்கிளுக்கும் பொறுப்பேற்க ஒரு ஜாமீன்தாரர் வேண்டும். அதுவரை சைக்கிள்களைப் பிடித்துக் கொட்டடியில் பூட்டுங்கள்!”

“நியாயம்தானே!” என்றான் ராஜா. முதலில் பூட்டப்பட்டது செங்கமலத்தின் சைக்கிள்; அவளையும் சபைக்கு அழைத்து வந்தார்கள்.

சபையில் இருந்த மந்திரி ஆராவமுதர் ஆசனத்தின் நுனிக்கு வந்தார். மலையடிவாரத்து ஊரில் அவருடைய ஒரே மகள் பூங்கோதைக்கு இடுப்புவலி கண்டிருப்பதாக அன்று காலைதான் சேதி வந்திருந்தது. செங்கமலம் அத்தனை வேகமாகப் புறப்பட்டதே அந்தப் பிரசவத்துக்குத்தான். அந்த ஒற்றையடிப் பாதையில் தேர் போகாது. செங்கமலத்துக்குக் குதிரையேறத் தெரியாது. ‘என் மகளுக்காக விடுங்கள்’ என்று வாயைத் திறந்தால், சொந்தக்காரியத்துக்குச் சட்டத்தை வளைக்கிறார் என்று உக்கிரசேனர் கூரையேறிக் கத்துவார்.

மந்திரி எழுந்தார். “சேனாதிபதி சொல்வது சரி. இடித்தவர் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.”

எதிர்ப்பை எதிர்பார்த்திருந்த உக்கிரசேனர் ஒரு கணம் திகைத்தார்.

“தப்புதாங்க சாமி. அவசரத்துல மணியடிக்க மறந்துட்டேன். ஐயா மன்னிக்கணும்,” என்று கைகூப்பினாள் செங்கமலம்.

“ஆனால் மன்னா, ஜாமீன்தாரர் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் தெருவில் யார் தப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? சைக்கிள் பழகும்போது ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாரே, அப்படி ஓடினால் அல்லவா பொறுப்பு?” என்றார் மந்திரி.

“பிரமாதம்!” என்று கைதட்டினான் ராஜா. “முதலில் ஓடுவது யார்?”

“ஜாமீன் யோசனை யாருடையதோ, மரியாதையும் அவருக்குத்தான். ஒருவேளை சேனாதிபதிக்கு மூச்சு வாங்கும் என்றால்...”

“யாருக்கய்யா மூச்சு வாங்கும்? எனக்கா?” உக்கிரசேனர் வேட்டியை வரிந்து கட்டினார். “எங்கேயம்மா போக வேண்டும்?”

“மலையடிவாரத்துக்குங்க. பிரசவம் பார்க்க,” என்றாள் செங்கமலம். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை.

கொட்டடியிலிருந்து விடுபட்ட சைக்கிள் கிளம்பியது. அதன் சீட்டைப் பிடித்தபடி சேனாதிபதி ஓடுவதைப் பார்க்க ஊரே வாசலுக்கு வந்தது.

அதன் பிறகு மந்திரிக்குச் சபையில் எதுவும் காதில் விழவில்லை. “அப்படியே செருப்புக்கும் வரி போட்டால் என்ன?” என்று ராஜா கேட்டான். வழக்கமாக இதற்கெல்லாம் சுடச்சுடப் பதில் வைத்திருப்பவர், அன்று “ம்” என்றார். மகளை இடுப்பில் தூக்கித் திரிந்த நாளெல்லாம் கண்முன் வந்துபோயிற்று. பயந்து செத்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் மணிச்சத்தம் கேட்டது. செங்கமலம் சைக்கிளை மிதித்து வந்தாள். பின்னால் கேரியரில் உக்கிரசேனர். தலைப்பாகையைக் காணோம், செருப்பைக் காணோம்.

“என்ன சேனாதிபதி, ஓடவில்லையா?” என்றான் ராஜா.

“போகும்போது ஓடினேன் மன்னா. வரும்போது கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.” நொண்டி நொண்டி நேராக மந்திரியிடம் வந்தார். “ஓய் மந்திரி! உம்முடைய மகள் என்று ஏன் சொல்லவில்லை? பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்!”

ஆராவமுதர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அழுதார், சிரித்தார், பிறகு சேனாதிபதியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதார்.

“கொடி சுத்தியிருந்துச்சுங்க,” என்றாள் செங்கமலம். “மேட்டுல எப்பவும் இறங்கித்தான் உருட்டுவேன். இன்னிக்கு ஐயா பின்னாலருந்து தள்ளுனதால இறங்காமப் போயிட்டேன். இல்லாட்டி பிந்தியிருப்பேன்.”

ராஜா மந்திரியைப் பார்த்தான். “இதெல்லாம் மகளுக்காகவா?”

“ஆமாம் மன்னா. முதலிலேயே சொல்லியிருந்தால், நியாயம் கேட்கிறேனா, தயவு கேட்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போயிருக்கும்.”

“சரி, சேனாதிபதி, சைக்கிளுக்கு வரி எவ்வளவு போடலாம்?”

உக்கிரசேனர் தலைகுனிந்தார். “ஊர் எல்லை வரை பாதையெல்லாம் குழி மன்னா. அத்தனையும் தேர்ச்சக்கரம் போட்டவை. ஒவ்வொன்றிலும் நானே விழுந்து பார்த்துவிட்டேன். வரி என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.”

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். “சைக்கிளுக்கு வரி இல்லை. ஆனால் மணியும் விளக்கும் வேண்டும், தெருவில் நிதானமாகப் போக வேண்டும். தேரோ சைக்கிளோ, இடித்தவர் இறங்கி, விழுந்தவரைத் தூக்கி வைத்தியரிடம் சேர்க்க வேண்டும். வைத்தியச் செலவுக்குப் பொதுக்குதிர் ஒன்று வைப்போம். அறுவடைக்கு அறுவடை சைக்கிள்காரர் ஒரு பிடி நெல் போடட்டும். தேர்க்காரர் ஒரு மூட்டை போடட்டும்.”

தம்முடைய தேர்களை நினைத்து உக்கிரசேனர் வாயைத் திறந்தார். அடிபட்ட முழங்காலைப் பார்த்து மூடிக்கொண்டார்.

“என்ன மந்திரி, தீர்ப்பு சரிதானே?” என்று திரும்பினான் ராஜா. மந்திரியின் ஆசனம் காலியாக இருந்தது. விடைபெறாமல் அவர் சபையை விட்டுப் போனது அன்றுதான் முதல் தடவை. ராஜா சாளரத்தில் எட்டிப் பார்த்தான்.

கீழே, முத்துமாலையோடு கேரியரில் ஏறி உட்கார்ந்திருந்தார் ஆராவமுதர். “வேகமாப் போம்மா! பேத்தியைப் பார்க்கணும், வேகமா, இன்னும் வேகமா!”

“சும்மா உக்காருங்க சாமி,” என்றாள் செங்கமலம். “இப்பத்தானே சட்டம் போட்டிருக்கு.”