மூணு நாள் ஊறின அரிசி

புயல்ல தோணியோட பாய்மரம் படார்னு முறிஞ்சு விழுந்துச்சு! அடுத்த அலையில, சரக்கு வச்சிருந்த அடித்தட்டு முழுக்கக் கடல் தண்ணி. மூணு நாள் இறைச்சும் தீரல. எப்படியோ உயிரோட, கிளம்பின தூத்துக்குடி கரையிலயே திரும்ப ஒதுங்கினா, அங்க சரக்குக்காரர் தனக்கோடி மொதலாளி நிக்கிறாரு.

"என் இருநூறு மூட்டை அரிசியும் நாசம்! சரக்கு நனைஞ்சா தோணி எனக்குன்னுதானே ஏத்தும்போது பேசினோம்? இல்லேன்னா இப்பவே காஞ்ச அரிசியாத் திருப்பிக் குடு!"

தோணிக்குச் சொந்தக்காரரும், அத ஓட்டுற தண்டலுமான லாசர், மொதலாளியக் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சுறாரு. அவர் குடும்பத்துக்கு அந்தத் தோணி ஒண்ணுதான் சோறு!

சட்டி தேச்சுக்கிட்டிருந்த தோணிச் சமையக்காரன் கஸ்பார் எழுந்து வந்தான்.

"மொதலாளி, அத்தனையும் அரிசிதானா?"

"ஏலே கரண்டி, நானே நின்னு கட்டி ஏத்துன அரிசிலே!"

"எல்லாமே நனைஞ்சிருச்சா?"

"சொட்டுதுல்ல, பாரு! மூணு நாளா ஊறிக் கெடக்கு!"

"அதான் மொதலாளி எனக்குப் பயமா இருக்கு. ஒரு படி அரிசிய ஊறப்போட்டாலே சட்டி நிறைஞ்சிரும். இருநூறு மூட்டை மூணு நாள் ஊறியிருந்தா, அரிசி உப்பி, மூட்டைத் தையல் தெறிச்சு, தோணிப் பலகையே பொளந்திருக்கும். நாங்க இந்நேரம் மீன் வயித்துல இருந்திருப்போம். உங்க மூட்டை ஒண்ணுகூட உப்பலையே?"

"மூட்டையத் தொடாதலே!"ன்னு மொதலாளி பாஞ்சாரு. அதுக்குள்ள லாசர் கத்திய எடுத்துக் கிழிச்சுட்டாரு.

உள்ள சொதசொதன்னு உமியும் மணலும்! அடுத்த மூட்டையிலயும் அதேதான்!

தோணி தப்பிச்சுது. மொதலாளி எந்தப் பக்கம் ஓடினாருன்னே தெரியல.

ஆமா, ஊறியும் உப்பாத அரிசிய உங்க தலையிலயும் யாராச்சும் கட்டப் பாத்திருக்காங்களா?