ஐந்து மணி இருபது நிமிடம்

“அக்கா குரல் இல்லாம நான் எப்படி மைக் முன்னால உக்கார?” என்று கேட்டான் ததேயு.

என்னிடம் கேட்டான். கேட்க வேண்டியவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

பிலோமினா அக்கா தூத்துக்குடியில் ஒரு சின்ன வானொலியில் பத்தொன்பது வருடம் காலை நிகழ்ச்சி நடத்தியவர். லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்த என் நண்பன் ததேயுவைப் பிடித்து உட்கார வைத்து, மைக்கில் பேசக் கற்றுக்கொடுத்தவர். போன மாதம் புற்றுநோய் என்று சொல்லி அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாவற்றையும் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்.

அவர் இடத்தில் ததேயு ஒரு மாதம் தாக்குப்பிடித்தான். பிறகு அக்காவின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைத் தேடி எடுத்தான். நாளைக் காலை அதை அப்படியே ஒலிபரப்பப் போவதாகச் சொன்னான்.

போட்டுக் காட்டினான். நடுவில் அக்கா வழக்கம்போல மணி சொன்னார்.

“இப்போது நேரம் ஐந்து மணி இருபது நிமிடம். அவசரமில்லை, அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

“மணி சொல்ற எடத்த வெட்டிருல,” என்றேன்.

“அதுலதான் அக்கா இருக்காங்க,” என்றான்.

எனக்கும் வெட்டச் சொல்ல அதற்குமேல் மனசு வரவில்லை. கையில் செல்போன் இருக்கிற காலத்தில் ரேடியோவில் யார் மணி பார்க்கிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த வரி ஒலித்தபோது உண்மையான நேரம் ஐந்து ஐம்பது.

ஆறரை மணிக்கு நிலையத்துக்கு ஒரு போன் வந்தது. தினமும் வேனில் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பாக்கியம் என்ற அம்மா.

“அக்கா வந்தாச்சா தம்பி? குரலக் கேட்டதும் உசுரே வந்துச்சு. அவசரமில்லன்னாங்க, மெதுவாத்தான் சோத்த வடிச்சிட்டு வந்தேன். ரோட்டுல நிக்கேன். வேனத்தான் காணல.”

ததேயு அழுதுவிட்டான். போனை வைத்துவிட்டான்.

“அக்கா வந்துட்டாங்கன்னே நம்பிட்டாங்க பாத்தியா,” என்றான் என்னிடம். நெடுநாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சந்தோஷம் பார்த்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்சு ஒருத்தி தன் போனில் நிகழ்ச்சியை அக்காவுக்குப் போட்டுக் காட்டியிருந்தாள்.

அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கட்டு.

“நல்லா இருந்துச்சாக்கா?”



பதிலுக்குக் காத்திராமல் ததேயு பாக்கியத்தின் போனைப் பற்றிச் சொன்னான். உசுரே வந்துச்சு என்று அந்தம்மா சொன்னதை இரண்டு முறை சொன்னான். ரோட்டில் நிற்பதையும் சொன்னான். எல்லாருக்கும் அந்தக் குரல் வேண்டியிருக்கிறது என்றான். தனக்குத்தான் ரொம்ப வேண்டியிருக்கிறது என்று சொல்லிக் கண் கலங்கினான்.

அக்கா அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு சிலேட்டை எடுத்தார்.

‘வேன் கெடச்சுதா அவளுக்கு?’

ததேயு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

“கேக்கலக்கா,” என்றான்.

அக்கா சிலேட்டை உள்ளங்கையால் துடைத்தார். மறுபடியும் எழுதினார்.

‘இப்ப மணி என்ன?’

“எட்டு, எட்டேகால் இருக்கும்க்கா.”

அக்கா சிலேட்டை இறக்கவில்லை.

ததேயு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, வார்டின் கடைசிச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

“இப்போது நேரம் எட்டு மணி இருபத்து மூன்று நிமிடம்,” என்றான்.

பக்கத்துக் கட்டிலில் துணைக்கு இருந்த பெண் அவசரமாக எழுந்து, தன் அப்பாவின் எட்டு மணி மாத்திரையைப் பிரித்தாள்.