முக்காலியில் உட்கார்ந்த வடிவு

ராகு காலத்துக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. அதற்குள் படம் எடுத்தாக வேண்டுமென்று ரைஸ் மில் முதலாளி சங்கரலிங்கம் ஸ்டுடியோ நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாகத் தவித்தார். பக்கத்து முக்காலியிலிருந்து நாலு வயதுப் பேத்தி வடிவு இறங்கி இறங்கி ஓடினாள். எடுத்த ஏழு படமும் கலங்கிப் போயின.

"ரெண்டு வச்சாத்தான் அடங்குவா" என்று கையை ஓங்கினார்.

விளக்குப் பிடிக்கிற மாரிக்கொழுந்து குறுக்கே வந்தாள். "அடிச்சா அழுவா, ஐயா. அழுத முகம்தான் படத்துல விழும்."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நீ உட்கார வை. மிரட்டக் கூடாது, மிட்டாய் கூடாது. முடியலேன்னா நாளைலேருந்து உனக்கு இங்கே வேலை இல்லை."

ஸ்டுடியோக்காரர் குனிந்து கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். ஸ்டுடியோ இருந்த கட்டடம் முதலாளியுடையது.

மாரிக்கொழுந்து, விறைப்பாக உட்கார்ந்திருந்த முதலாளியைத்தான் முதலில் பார்த்தாள். "ஐயா முதுகை நிமித்தி உட்கார்ந்ததும் நாற்காலிக்கே ஒரு களை வந்துருச்சு."

அவர் நெஞ்சை நிமிர்த்தி அப்படியே இருந்தார். தாத்தா ஆடாமலிருப்பதை வேடிக்கை பார்க்க வடிவும் முக்காலியில் ஏறினாள்.

"வடிவு தானாவே ஏறிட்டா. கையை மடியில எவ்வளவு அழகா வச்சிருக்கா!"

குழந்தை தன் கைகளைக் குனிந்து பார்த்து, இன்னும் ஒழுங்காக வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இந்தத் தடவை படம் தெளிவாக விழுந்தது.

"என்ன மந்திரம் போட்டே?" என்றார் முதலாளி.

"மந்திரமில்லை, ஐயா. நல்லதாச் செஞ்சதைப் பார்த்துச் சொன்னேன். பிள்ளைகிட்டப் பலிக்காதோன்னு பயம். அதான் முதல்ல உங்ககிட்டச் சொல்லிப் பார்த்தேன்."

கோபத்தில் எழப் போனவர், வடிவு இன்னும் அசையாமலிருப்பதைக் கண்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.