சாகாத பிக்காசு

கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்குள்ளே சதுரபுரி என்று ஓர் ஊர். அங்கே மரம் சதுரம், மாடு சதுரம், உதிக்கிற சூரியனும் சதுரம். மூளை என்ன வடிவம் என்று மட்டும் தெரியவில்லை. அதை யாரும் வெளியே எடுத்ததில்லை.

பொழுது சாய்ந்தால் அந்த ஊருக்குப் பூதங்கள் வரும். செம்பாயி வீட்டுச் சுவரிலோ ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. விடிந்ததிலிருந்து அவளுக்கு அதே கவலை. நாலு கல் வெட்டி வந்து அடைத்தால் தீர்ந்தது. ஆனால் புருஷன் மாசானமும் கொழுந்தன் சுடலையும் மோட் வாங்கப் போயிருந்தார்கள். விளையாட்டில் இல்லாததைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டால் அதற்கு மோட் என்று பேர்.

ஒரு பட்டறை மேஜையும், கல்லில் செய்த புத்தம் புதுப் பிக்காசுமாக இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

"பழைய பிக்காசு உடைஞ்சா மாயமா மறைஞ்சிரும் மதினி. இது மறையாது. மேஜையில வச்சுக் கல்லைப் போட்டா பழையபடி ஆயிரும். வேலை செய்யச் செய்யத் திறமை வேற கூடுமாம்" என்றான் சுடலை.

"கூடட்டும். முதல்ல ஓட்டையை அடைங்க."

மாசானம் பாறையை வெட்டக் கையை ஓங்கினான். சுடலை தடுத்தான். "அண்ணே, நீ வெட்டினா உனக்குல்லா திறமை கூடும்? பிக்காசு தேறணும்னா பிக்காசுதான வெட்டணும்?"

நியாயமாகத்தான் பட்டது. பாறைமேல் அதைச் சாய்த்துவிட்டு இருவரும் எதிரே உட்கார்ந்தார்கள். உச்சிப்பொழுது வரை அது அசையவில்லை.

"கூச்சப்படுது. அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவோம்" என்றான் மாசானம். திரும்பியும் உட்கார்ந்தார்கள்.

செம்பாயி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அதோடு அவளுக்குப் புதுக்கவலையும் பிடித்தது. "ஏங்க, நாளைக்கு இது உடைஞ்சு, சரியாகாமப் போச்சுன்னா?"

அண்ணன் தம்பி இருவருக்கும் பகீரென்றது. உடனே உடைத்துப் பார்க்க முடிவாயிற்று. பாறையில் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். அடிக்க அடிக்கக் கல் பெயர்ந்து காலில் விழுந்தது. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அதையெல்லாம் செம்பாயி அள்ளி ஆற்றில் போட்டாள்.

பிக்காசு ஒருவழியாக உடைந்தது. சரி செய்யக் கல் வேண்டுமே?

"வெட்டலாம்னா பிக்காசு உடைஞ்சு கிடக்கே" என்றான் மாசானம்.

"சுவருல இருக்குல்லா?" என்றாள் செம்பாயி.

ஓட்டையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்த கற்களைப் பிடுங்கி மேஜையில் வைத்தார்கள். பிக்காசு புதுசாகிவிட்டது! மூவரும் குதித்தார்கள். குதித்து முடித்ததும் செம்பாயி முகம் வாடியது. "இன்னொரு தடவையும் சரியாகுமா?"

மறுபடி உடைத்தார்கள். மறுபடி ஆறு, மறுபடி சுவர். அதற்கப்புறமும் அதே சந்தேகம், அதே வேலை.

சூரியன் இறங்கும்போது பிக்காசு பளபளவென்று இருந்தது. வீட்டில் கதவும் நிலையும் மட்டும் நின்றன. செம்பாயி சுற்றிச் சுற்றி வந்து தேடினாள். ஓட்டையைக் காணவே காணோம். காலையிலிருந்து இருந்த கவலை அப்போதுதான் தீர்ந்தது. மூவரும் கதவு வழியாக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.

இருட்டியதும் பூதங்கள் வந்தன. அவையும் சதுரபுரியில் பிறந்தவைதானே. கதவுக்கு முன்னால் வரிசையாக நின்று தட்டின.

"திறந்திராதீங்க" என்று செம்பாயி கிசுகிசுத்தாள்.

பூதங்கள் விடிய விடியத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போயின.