தலைவர் போட்ட தேதி

கணினிகள் ஆமை வேகத்தில் ஓடிய காலம். திருச்சியில் கட்டற்ற மென்பொருள் செய்த ஒரு குழுவில், எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவில் தொகுக்கத் தினமும் நாற்பத்துமூன்று நிமிடம் ஆகும். அதுவரை எல்லோரும் டீக்கடையில்.

"நாளைக்குப் பத்து நிமிஷத்துல முடியணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ," என்றார் தலைவர் அருணகிரி, புதிதாகச் சேர்ந்த பொற்கொடியிடம்.

"முடியும் சார். காலையில நீங்க மட்டும் கீபோர்டைத் தொடக்கூடாது."

"தொடலை. பாத்துடுவோம்!"

மறுநாள் நான்கே நிமிடத்தில் முடிந்தது.

"எப்படி?"

"நானூத்துப் பன்னிரண்டு கோப்பும் எல்லாத்துக்கும் பொதுவான உங்க ஹெடர் கோப்பைத்தான் முதல்ல படிக்குது. அதுல உங்க பேருக்குக் கீழே தினமும் தேதியை மாத்துறீங்க. உடனே கணினி எல்லாமே மாறிடுச்சுன்னு நெனச்சு அத்தனையையும் புதுசாத் தொகுக்குது, சார்."

அருணகிரி அந்தத் தேதி வரியை அழித்தார்.

"ஐயோ சார், அதுவும் மாற்றந்தானே!"

கணினி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. "சரி, நீயும் வாம்மா," என்று எழுந்தார் தலைவர்.

அந்தக் கடைசி நாற்பத்துமூன்று நிமிடம் போல நிதானமான டீ, பிறகு பொற்கொடிக்கு வாய்க்கவேயில்லை.